நோய் தரும் ஈஸ்ட்டுகளின் மரபணு வேறுபாடும் வீரியமும்: ஒப்பீட்டு ஆய்வில் முதன்முதலாக இறங்குபவர்களுக்கு

என் முதல் ஆய்வுத் திட்டம் கேட்க எளிதாகத்தான் இருந்தது. நோயாளிகளின் இரத்தத்திலிருந்து கிடைத்த, காண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட்டின் பதினாறு ஐசோலேட்டுகள். அவற்றில் எது அதிக வீரியம் உள்ளது, அதற்கான காரணம் மரபணுவில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருடத்தில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டரை வருடம் ஆனது. அதில் பதினோரு மாத வேலையை அப்படியே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. வீரியத்தை அளக்கப் புழுக்களுக்குள் நான் செலுத்திய ஈஸ்ட்டும், டி.என்.ஏ. வரிசைப்படுத்த அனுப்பிய ஈஸ்ட்டும் பெயரில் மட்டும்தான் ஒன்றாக இருந்தன. நடுவில் பல மாதம் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்ததில், சிலவற்றின் குரோமோசோம் எண்ணிக்கையே மாறிப்போயிருந்தது.

நீங்கள் அந்தப் பதினோரு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மருத்துவ நுண்ணுயிரியலிலோ மரபியலிலோ அடிப்படை தெரிந்து, ஈஸ்ட் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு இது பயன்படும். ‘ஐசோலேட்’ என்று நான் சொல்வது ஒரு நோயாளியிடமிருந்தோ சூழலிலிருந்தோ பிரித்தெடுத்த ஈஸ்ட் வளர்ப்பை. ‘வீரியம்’ என்று சொல்வது, அது புகுந்த உடலுக்கு எவ்வளவு கேடு செய்கிறது என்பதை. வீரியம் ஓர் இனத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஒரே இனத்துக்குள், சில சமயம் ஒரே நோயாளியின் இரண்டு காலனிகளுக்குள்ளேயே அது மாறும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றை மனதில் வைத்தே அமைந்தவை.

1. எந்த இனம் என்று முடிவு செய்துவிட்டுக் கேள்வியை அமையுங்கள்

எல்லா ஈஸ்ட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. காண்டிடா ஆல்பிகன்ஸ் இரட்டைத் தொகுதி கொண்டது, அதாவது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு பிரதி. எட்டு ஜோடி குரோமோசோம்கள். இதில் வேறுபாடு பல வழிகளில் வருகிறது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறலாம். இரு பிரதிகளில் ஒன்றின் எழுத்து அழிந்து இரண்டும் ஒன்றாகிவிடலாம். ஒரு முழுக் குரோமோசோமே கூடலாம், குறையலாம். காண்டிடா கிளாப்ராட்டா ஒற்றைத் தொகுதி கொண்டது. 13 குரோமோசோம்கள், சுமார் 1.23 கோடி எழுத்துகள். பெயரில் காண்டிடா இருந்தாலும் ரொட்டி ஈஸ்ட்டுக்குத்தான் நெருங்கிய உறவு. இப்போது நாகாசியோமைசெஸ் கிளாப்ராட்டஸ் என்ற புதுப் பெயரிலும் கட்டுரைகள் வருகின்றன, தேடும்போது இரண்டு பெயரையும் போடுங்கள். காண்டிடா ஆரிஸ் ஒற்றைத் தொகுதி, ஏழு குரோமோசோம்கள். இதற்கும் கேண்டிடோசைமா ஆரிஸ் என்று புதுப் பெயர் வந்துவிட்டது. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் இவற்றுக்கெல்லாம் மிகத் தூரத்து உறவு. 14 குரோமோசோம்கள், சுமார் 1.9 கோடி எழுத்துகள். இதைச் சுற்றி ஒரு சர்க்கரை உறை இருக்கும். பின்னால் எல்லாப் படியிலும் அந்த உறை உங்களுக்கு வேலை வைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட பூஞ்சை நோய்க்கிருமி முன்னுரிமைப் பட்டியலில் ஆல்பிகன்ஸ், ஆரிஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் மூன்றும் மிக உயர்ந்த பிரிவில் இருக்கின்றன. நிதி கேட்டு எழுதும்போது இந்த வரி உதவும்.

முதல் திட்டம் என்றால் என் அறிவுரை இதுதான்: சம்பந்தமில்லாத இருபது நோயாளிகளின் ஐசோலேட்டுகளை ஒப்பிடாதீர்கள். ஒரே நோயாளியிடமிருந்து வெவ்வேறு நாட்களில் எடுத்த ஜோடிகளைத் தேடுங்கள். தொடர்பில்லாத இரண்டு ஆல்பிகன்ஸ் ஐசோலேட்டுகளுக்கு நடுவே பல்லாயிரம் எழுத்து வேறுபாடுகள் இருக்கும், அதில் எது வீரியத்துக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது ஏறக்குறைய முடியாத வேலை. ஒரே நோயாளியின் தொடர் ஐசோலேட்டுகளில் வேறுபாடுகள் மிகவும் குறைவு. அதனால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

2. காகித வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

சோதனைக்கு ஆகும் நேரத்தை விட அனுமதிக்கு ஆகும் நேரம் அதிகம். எனக்கு மட்டும் ஏழு மாதம் பிடித்தது. ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று போனதுதான் என் தவறு. கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்துகிற எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சமர்ப்பியுங்கள்.

மனித மாதிரி நெறிமுறைக் குழு அனுமதி. மருத்துவமனை ஆய்வகத்தில் ஏற்கெனவே எஞ்சியிருக்கும் வளர்ப்பாக இருந்தாலும் கேளுங்கள். நோயாளியின் தகவல் எதுவும் உங்களிடம் வராது என்றால் பல குழுக்கள் ஒப்புதல் படிவத்திலிருந்து விலக்கு தரும். ஆனால் அந்த விலக்கையும் எழுத்தில் வாங்க வேண்டும். பின்னால் இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.

உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி. இந்த ஈஸ்ட்டுகள் பொதுவாக இரண்டாம் நிலைப் பாதுகாப்பில் கையாளப்படுபவை. ஆரிஸ் என்றால் கூடுதல் கேள்விகள் வரும். அது பரப்புகளில் நெடுநாள் உயிரோடு இருக்கும். சில கிருமிநாசினிகளுக்கு எளிதில் அடங்காது. எந்தக் கிருமிநாசினியை, எத்தனை நிமிடம் விடுவீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மரபணு மாற்றம் செய்யும் எண்ணம் பிற்பாடுதான் இருந்தாலும், அதற்கான தனி அனுமதியையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். இன்னொரு ஆய்வகத்திலிருந்தோ வளர்ப்புச் சேகரிப்பு மையத்திலிருந்தோ ஐசோலேட் வாங்கினால் இது கட்டாயம். இரண்டு நிறுவனங்களின் சட்டப் பிரிவும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் இதுதான் எல்லாவற்றிலும் மெதுவாக நகரும். நாடு விட்டு நாடு வருகிறது என்றால் நகோயா நெறிமுறைப்படி (மரபணு வளங்களைப் பகிர்வதற்கான பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி தேவையா என்று இருதரப்பிலும் கேளுங்கள். ‘வரிசைத் தரவைப் பொதுவில் வெளியிடலாம்’ என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். அது இல்லாததால் முடிந்துபோன கட்டுரை ஒன்று பல மாதம் அலமாரியில் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அனுப்பும் ஆவணங்கள். பெரும்பாலும் யூஎன் 3373 என்ற வகை ‘பி’ உயிரியல் பொருளாகப் போகும். மூன்று அடுக்குப் பொதி வேண்டும்: கசியாத டியூப், உறிஞ்சும் பொருளோடு இரண்டாவது உறை, உறுதியான வெளிப்பெட்டி. உலர் பனிக்கட்டி வைத்தால் யூஎன் 1845 என்ற தனி ஒட்டுச்சீட்டும் வேண்டும், வாயு வெளியேற வழியும் வேண்டும். முடிந்தால் உலர் பனிக்கட்டியே வேண்டாம். ஈஸ்ட்டுகள் சாய்வு அகார் டியூபில் சில நாள் அறை வெப்பத்தில் தாங்கும். செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். சுங்கத்தில் பெட்டி மாட்டிக்கொண்டாலும் சாகாது.

3. வந்த அன்றே உறைய வையுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

ஈஸ்ட் வந்ததும் தட்டில் கோடிழுத்து வளர்த்து, கலப்படம் இல்லை என்று பார்த்துவிட்டு, 20 சதவீதம் அளவில் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் குறைந்தது ஆறு டியூபாக வையுங்கள். இரண்டு டியூப் ‘தொடாதே’ பெட்டிக்குப் போகட்டும், வேறொரு உறைபெட்டியில். மீதி நான்கு வேலைக்கு. ஒவ்வொரு சோதனைக்கும் உறைந்த டியூபின் மேற்பரப்பைச் சுரண்டிப் புதுத் தட்டு போடுங்கள். அந்தத் தட்டை ஒரு வாரத்துக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வளர்க்கும் பழக்கத்தை முழுசாக விட்டுவிடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? ஆல்பிகன்ஸ் குரோமோசோம் மாற்றங்களை எளிதில் தாங்கிக்கொள்ளும். வெப்பம், மருந்து, மாற்று சர்க்கரை என்று எந்த நெருக்கடி வந்தாலும் ஒரு குரோமோசோமைக் கூட்டியோ குறைத்தோ தப்பித்துக்கொள்ளும் செல்கள் முன்னுக்கு வந்துவிடும். ஐந்தாவது குரோமோசோமின் இடக்கை மட்டும் இரண்டாகி ஒட்டிக்கொண்ட வடிவம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் கையில் இஆர்ஜி11, டிஏசி1 என்ற இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றின் பிரதிகள் கூடியதால் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிடுகிறது. மருந்தை எடுத்துவிட்டு வளர்த்தால் இந்த வடிவம் காணாமல் போகவும் செய்யும். ஆக, நோயாளியிடம் எதிர்ப்பு காட்டிய ஐசோலேட் உங்கள் ஆய்வகத்தில் சாதாரணமாகத் தெரியலாம். யாரும் பொய் சொல்லவில்லை, ஈஸ்ட் மாறிவிட்டது.

கிரிப்டோகாக்கஸில் எல்லோரும் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் எச்99 ஸ்ட்ரெயினையே (ஒரே மூலத்திலிருந்து வந்த, பெயரிட்ட வளர்ப்பு வகை) எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகங்களுக்கிடையே கைமாறி வளர்ந்ததில் அதற்கு வீரியம் கூடியதும் குறைந்ததுமாகப் பல துணை வம்சங்கள் உருவாகிவிட்டன. அதனால் ‘எச்99 இருக்கிறது, தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், எங்கிருந்து வந்தது, எத்தனை கை மாறியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சேகரிப்பு மையத்திலிருந்து புதிதாக வாங்குங்கள். அந்தக் கட்டணம் வீண் செலவு ஆகாது.

ஒரு காலனியை எடுத்து உறைய வைப்பதா, பல காலனிகளைச் சேர்த்தா? இரண்டும் செய்யுங்கள். நோயாளியின் மாதிரியில் பலவகை செல்கள் கலந்திருக்கலாம். ஒற்றைக் காலனியை மட்டும் எடுத்தால் அந்தக் கலவையை நிரந்தரமாக இழந்துவிடுவீர்கள். முதல் தட்டிலிருந்து ஒரு கற்றை காலனிகளை மொத்தமாகச் சுரண்டி ஒரு டியூப். தனித்தனி காலனியாக நான்கைந்து டியூப். சோதனைக்கும் வரிசைப்படுத்தலுக்கும் ஒரே தனிக்காலனி டியூப்.

டியூபின் மேல் எண், காலனி எண், உறைய வைத்த தேதி, எத்தனையாவது வளர்ப்பு என்ற நான்கும் இருக்கட்டும். பேனா மை ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். உறைநிலைக்கான ஒட்டுச்சீட்டு வாங்குங்கள்.

4. இனப்பெயரை நீங்களே உறுதிப்படுத்துங்கள்

அனுப்பியவர்கள் எழுதிய பெயரை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஆரிஸை ஹெமுலோனி என்ற வேறொரு காண்டிடா இனமாகக் காட்டிய இனங்காணும் கருவிகள் நிறைய. ஏனென்றால் அவற்றின் தரவுத்தளத்தில் ஆரிஸே இருக்கவில்லை. ஆல்பிகன்ஸும் அதன் நெருங்கிய உறவான டப்ளினியென்சிஸும் இரத்தச் சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் இரண்டுமே முளைக்குழல் விடும். அந்தச் சோதனையால் அவற்றைப் பிரிக்க முடியாது. டப்ளினியென்சிஸுக்கு வீரியம் குறைவு என்பதால், அது உங்கள் தொகுப்பில் ஆல்பிகன்ஸ் என்ற பெயரில் ஒளிந்திருந்தால், ‘வீரியம் குறைந்த ஆல்பிகன்ஸ்’ என்று நீங்கள் மகிழ்ச்சியோடு தவறாக எழுதிவிடுவீர்கள். இனத்தை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் என்ற டி.என்.ஏ. பகுதியைப் பிசிஆர் முறையில் பெருக்கி வரிசைப்படுத்துங்கள். ஒரு ஐசோலேட்டுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது, இரண்டு மூன்று நாளில் பதில் வரும்.

5. தட்டில் பார்க்கும் குணங்கள்

வீரியத்தை நேரடியாக அளக்குமுன், அதோடு சேர்ந்து வரும் குணங்களைப் பாருங்கள். மலிவு, ஒரு வாரத்தில் முடியும். ஆல்பிகன்ஸுக்கு இழையாக வளரும் திறன், உயிரிப்படலம், ஒட்டும் திறன். கிளாப்ராட்டா இழை விடாது. அங்கே ஒட்டும் திறன்தான் முக்கியம். கிரிப்டோகாக்கஸுக்கு 37 டிகிரியில் வளர்ச்சி, உறையின் தடிமன், மெலனின் நிறம், யூரியேஸ் நொதி. எல்லாவற்றுக்கும் பொதுவாக 30, 37 டிகிரிகளில் வளர்ச்சி வேகம். ஆரிஸ் 42 டிகிரியிலும் வளரும் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்ணி. ஆல்பிகன்ஸின் எஸ்சி5314 ஸ்ட்ரெயினைத்தான் எல்லோரும் அளவுகோலாக வைப்பார்கள். அது இழை விடுவதில் மிகவும் முன்னணியில் இருப்பது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஐசோலேட்டுகளைப் பார்த்தால் எல்லாமே குறைபாடு உள்ளவை போலத் தெரியும். நான் முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் ஏமாந்தேன். அளவுகோலாக இரண்டு மூன்று வேறு ஸ்ட்ரெயின்களையும் சேர்த்து வையுங்கள்.

6. மருந்துச் சோதனை

ஐரோப்பாவின் இயுகாஸ்ட், அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ என்ற அமைப்புகள் வகுத்த இரண்டு முறைகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே இருங்கள். இரண்டிலும் தொடக்கச் செல் எண்ணிக்கையே கிட்டத்தட்ட நூறு மடங்கு வேறுபடும், எதிர்ப்பு உண்டா இல்லையா என்று பிரிக்கும் ஒன்றின் எல்லை மதிப்பை இன்னொன்றின் முடிவுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. காண்டிடாவுக்கு 24 மணி நேரத்தில் படியுங்கள். ஆல்பிகன்ஸை 48 மணி வரை விட்டால் மெல்லிய பின்வளர்ச்சி வந்து, எதிர்ப்பு இருப்பதுபோல் தோன்றும். தரக்கட்டுப்பாட்டுக்குக் காண்டிடா பாராப்சிலோசிஸ் ஏடிசிசி 22019, காண்டிடா குரூசி ஏடிசிசி 6258 (ஏடிசிசி ஒரு வளர்ப்புச் சேகரிப்பு மையம்) இரண்டையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துப் போடுங்கள்.

மருந்து எதிர்ப்பும் வீரியமும் ஒன்றல்ல. எதிர்ப்பு பெற்ற ஐசோலேட் வீரியம் குறைந்ததாகவும் இருக்கலாம், கூடியதாகவும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதி வையுங்கள்.

7. புழுச் சோதனை

எலிச் சோதனைக்கு விலங்கு நெறிமுறை அனுமதி, பயிற்சிச் சான்று, விலங்குக் கூடம் எல்லாம் வேண்டும். முதல் வடிகட்டலுக்கு மெழுகுப் புழு போதும். அறிவியல் பெயர் கல்லேரியா மெலோனெல்லா. இந்தப் புழு 37 டிகிரியில் தாங்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். பல இடங்களில் இதற்கு விலங்கு நெறிமுறை அனுமதி தேவைப்படுவதில்லை, ஆனாலும் உங்கள் குழுவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புழு வந்ததும் 15 டிகிரி வாக்கில் இருட்டில் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். 250 முதல் 350 மில்லிகிராம் எடை, வெளிறிய நிறம், கறுப்புப் புள்ளி இல்லாதது, தொட்டால் துள்ளுவது: இவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மீன் தூண்டிலுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் விற்கும் புழு மலிவாகக் கிடைக்கும். அதற்கு என்ன மருந்து, என்ன ஹார்மோன் கொடுத்து வளர்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆய்வுக்கென்றே வளர்த்த புழுவுக்கு விலை பல மடங்கு. முறையைப் பழக மலிவான புழு, முடிவுக்கு ஆய்வுப் புழு என்று பிரித்துக்கொண்டேன். அது சரியாக வந்தது.

ஒரு ஐசோலேட்டுக்குக் குறைந்தது 15 முதல் 20 புழு. உடன் இரண்டு கட்டுப்பாட்டுக் குழுக்கள்: ஒன்றில் ஊசியே போடாத புழு, இன்னொன்றில் வெறும் உப்புக்கரைசல் செலுத்திய புழு. உப்புக்கரைசல் குழுவில் புழு சாகத் தொடங்கினால் உங்கள் ஊசி போடும் கை இன்னும் பழகவில்லை என்று பொருள். அன்றைய சோதனையை விட்டுவிடுங்கள். 10 மைக்ரோலிட்டர், கடைசிப் பின்காலின் வழியே. முடிவான சோதனைக்கு முன் சிறிய அளவில் மூன்று வேறு செல் எண்ணிக்கைகளைப் போட்டுப் பார்த்து, அளவுகோல் ஸ்ட்ரெயின் இரண்டு மூன்று நாளில் பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவைத் தேர்ந்தெடுங்கள். எல்லாமே முதல் நாளில் செத்தாலும், எதுவுமே சாகாவிட்டாலும் ஐசோலேட்டுகளுக்கிடையே வேறுபாடு தெரியாது.

எத்தனை செல் செலுத்தினீர்கள் என்பதை ஒளி அடர்த்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். நுண்ணோக்கியில் எண்ணுங்கள், அதே கரைசலைத் தட்டில் பரப்பிக் காலனியும் எண்ணுங்கள். ஆரிஸில் சில ஐசோலேட்டுகள் பிரியாத கட்டிகளாக ஒட்டிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு காலனி என்பது ஒரு செல்லாக இருக்காது, கலக்கினாலும் பிரியாது. இந்தக் கட்டி வகைகள் புழுவில் வீரியம் குறைந்து தெரிவது ஏற்கெனவே பதிவானதுதான். உங்கள் தொகுப்பில் கட்டி வகை இருந்தால் அதைத் தனியாகக் குறித்து, தனியாக ஒப்பிடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள், ஏழு நாள் வரை. கறுத்துப்போன புழு எல்லாம் செத்த புழு அல்ல; தொட்டும் அசையாததுதான் கணக்கு. கூட்டுப்புழுவாக மாறிவிட்டவற்றை மரணமாகவும் எண்ணாதீர்கள், பிழைத்ததாகவும் எண்ணாதீர்கள். அன்றோடு கணக்கிலிருந்து விலக்கியதாகக் குறியுங்கள். யார் எண்ணுகிறாரோ அவருக்கு எந்தப் பெட்டியில் எந்த ஐசோலேட் என்று தெரியக் கூடாது. இதை மூன்று தடவை, மூன்று வெவ்வேறு புழுத் தொகுதிகளில் செய்யுங்கள். மொத்தம் ஐந்து ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒரே தொகுதியை மூன்றாகப் பிரித்தால் அது மூன்று சோதனை ஆகாது.

ஊசி போடும் அதே நாள், அதே வளர்ப்பிலிருந்து மிச்சத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றை உறைய வையுங்கள், இன்னொன்றிலிருந்து டி.என்.ஏ. எடுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் இருந்திருந்தால் என் பதினோரு மாதம் தப்பியிருக்கும்.

8. டி.என்.ஏ. எடுப்பதும் வரிசைப்படுத்த அனுப்புவதும்

ஈஸ்ட்டின் செல்சுவர் தடிப்பு. பாக்டீரியாவுக்கான கிட்டை அப்படியே பயன்படுத்தினால் ஒன்றும் கிடைக்காது. குறுந்துண்டு வரிசைப்படுத்தலுக்குக் கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைப்பது போதும். நீளத்துண்டு வரிசைப்படுத்தலுக்குச் செல்சுவரைக் கரைக்கும் நொதியால் மெதுவாக உடைக்க வேண்டும்; மணியால் குலுக்கினால் டி.என்.ஏ. நொறுங்கிவிடும். கிரிப்டோகாக்கஸ் என்றால் உறைச் சர்க்கரை டி.என்.ஏ.வோடு கோந்து மாதிரி வந்து சேரும். உப்பு கூடிய ஊடகத்தில் வளர்த்தால் உறை மெலிந்து வேலை எளிதாகும்.

எவ்வளவு தரவு வாங்குவது? ஆல்பிகன்ஸின் மரபணுத் தொகுதி, ஒரு பிரதிக்கு, சுமார் 1.4 கோடி எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 100 தடவை படிக்க 140 கோடி எழுத்து வேண்டும். 150 எழுத்து கொண்ட இரட்டைத் துண்டுகளாக வந்தால் சுமார் 47 லட்சம் ஜோடிகள். ஒற்றைத் தொகுதி ஈஸ்ட்டுகளுக்கு 50 தடவையே போதும். மனிதத் தொகுதியைப் படிப்பவர்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. அதனால் வரிசைப்படுத்தும் கருவியில் உங்களுக்கென்று தனியாக ஓர் ஓட்டம் போடாதீர்கள். வேறு குழுக்களோடு சேர்ந்து ஒரே ஓட்டத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். நீளத்துண்டு வரிசைப்படுத்தல் எல்லா ஐசோலேட்டுக்கும் வேண்டாம். கிளாப்ராட்டாவின் இபிஏ ஒட்டுப்புரத மரபணுக்கள் குரோமோசோம் முனைகளில், ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் திரும்பு வரிசைகளோடு கிடக்கின்றன. அவற்றைக் குறுந்துண்டால் சரியாக ஒட்டவே முடியாது. அந்த மாதிரிக் கேள்வி இருந்தால் மட்டும், முக்கியமான ஓரிரு ஐசோலேட்டுகளுக்கு வாங்குங்கள்.

9. தரவைப் படிக்கும்போது விழும் குழிகள்

முதலில் குரோமோசோம் வாரியாகப் படிப்பு ஆழத்தை, அதாவது ஒவ்வோர் இடமும் எத்தனை தடவை படிக்கப்பட்டது என்பதை, வரைந்து பாருங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, ஏதாவது ஒன்று ஒன்றரை மடங்காக எழும்புகிறதா? ஆல்பிகன்ஸில் ஒன்றரை மடங்கு என்றால் அந்தக் குரோமோசோம் மூன்று பிரதி. அங்கே எழுத்து வேறுபாடுகளின் விகிதமும் பாதிக்குப் பாதி என்பதிலிருந்து மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று நகர்ந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். ஆழம் மட்டும் குரோமோசோமின் இரு முனையிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்தால், அது பெரும்பாலும் தயாரிப்பில் வந்த சாய்வு, உயிரியல் அல்ல.

எழுத்து வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கும் ‘அழைப்பு’ மென்பொருளில் தொகுதி எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள்: ஆல்பிகன்ஸுக்கு 2, கிளாப்ராட்டா, ஆரிஸுக்கு 1. ஒற்றைத் தொகுதி ஐசோலேட்டில் நிறைய இடங்களில் இரண்டு எழுத்துகள் சேர்ந்து தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கலப்படத்தை.

அப்புறம் குறியீட்டு அட்டவணை. ஆல்பிகன்ஸ், ஆரிஸ், பாராப்சிலோசிஸ், டிராபிகாலிஸ் ஆகியவை சியுஜி என்ற மூன்றெழுத்துக் குறியீட்டை லூசின் என்ற அமினோ அமிலமாகப் படிப்பதில்லை, செரினாகப் படிக்கின்றன. மென்பொருளில் 12-ஆம் எண் மாற்று அட்டவணையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்கள் அமினோ அமில மாற்றப் பட்டியலில் சியுஜி வரும் இடங்கள் பிழையாக வரும். கிளாப்ராட்டாவுக்கும் கிரிப்டோகாக்கஸுக்கும் வழக்கமான அட்டவணைதான்.

உறவுமுறை மரத்தை வரையாமல் எந்த முடிவுக்கும் போகாதீர்கள். இந்த ஈஸ்ட்டுகள் பெரும்பாலும் நகல் நகலாகப் பெருகுவதால், ஒரே கிளையில் உள்ள எல்லா ஐசோலேட்டுகளும் ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் பொதுவாக வைத்திருக்கும். வீரியம் கூடிய ஐந்தும் ஒரே கிளையில் இருந்தால், அந்தக் கிளையின் எந்த எழுத்தும் ‘காரணம்’ போலத் தெரியும். உங்களிடம் ஐந்து சான்று இருப்பதாகத் தோன்றும், உண்மையில் இருப்பது ஒன்றுதான்.

10. ‘இதுதான் காரணம்’ என்று எழுதுவதற்கு முன்

பட்டியலில் சந்தேகத்துக்குரிய மரபணு கிடைத்ததும் எழுந்து நிற்கத் தோன்றும். பொறுங்கள். அந்த மாற்றம் இருப்பதற்கும் வீரியம் மாறுவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று காட்ட, எழுத்தைப் பழைய நிலைக்குத் திருப்பி வைத்தால் குணமும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஆல்பிகன்ஸில் இரண்டு பிரதியையும் கவனிக்க வேண்டும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல முன்மாதிரி: 21 ஆல்பிகன்ஸ் ஐசோலேட்டுகளை முழுதாக வரிசைப்படுத்தியதில், ஒன்றில் இஎஃப்ஜி1 என்ற மரபணு இயல்பாகவே செயலிழந்திருந்தது. அது இரத்தத் தொற்றில் வீரியம் குறைந்தும், குடலில் அமைதியாகக் குடியிருப்பதில் திறமை கூடியும் இருந்தது. ஒரே மாற்றம் ஓரிடத்தில் இழப்பு, இன்னோரிடத்தில் ஆதாயம். உங்கள் புழு முடிவை ‘வீரியம்’ என்று பொதுவாக எழுதாமல், எந்த நிலையில் அளந்தீர்கள் என்று சேர்த்தே எழுதுங்கள்.

மரபணு மாற்றம் செய்யும்போது இரண்டு கண்ணிகள். பழைய ஆல்பிகன்ஸ் வேலைகளில் யூஆர்ஏ3 மரபணுவை அடையாளக் குறியாக வைத்தார்கள். அதை எங்கே செருகுகிறோமோ அதைப் பொறுத்தே வீரியம் மாறியது, அதனால் பல முடிவுகளை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. இன்றும் சில ஆய்வகங்களில் அந்த ஸ்ட்ரெயின்கள் சுற்றுகின்றன. இரண்டாவது, டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும் வெப்ப அதிர்ச்சி முறையே குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றலாம். குறைந்தது மூன்று தனித்தனி மாற்றுக் காலனிகளை எடுத்து, ஒவ்வொன்றின் குரோமோசோம்களையும் சோதித்த பிறகே புழுவுக்குப் போங்கள்.

திருப்பி வைக்கும் திசையை வீரியமோ எதிர்ப்போ குறையும் பக்கமாகவே திட்டமிடுங்கள். வீரியம் கூடிய ஐசோலேட்டில் பழைய எழுத்தை வைத்தால் வீரியம் குறைகிறதா என்ற சோதனையே கேள்விக்குப் பதில் தந்துவிடும். எதிர்ப்பக்கம் போவது உயிரிப் பாதுகாப்புக் குழுவின் தனி விவாதத்துக்கு உரியது. அதை ஒரு மாணவர் தானாக முடிவு செய்யக் கூடாது.

11. பணமும் நாட்களும்

வரிசைப்படுத்தல்தான் பெரிய செலவு என்று எல்லோரும் நினைப்பார்கள். என் கணக்குப் புத்தகத்தில் அது மூன்றாவது இடம். முதலிடம் ஆய்வுப் புழு, இரண்டாவது உலர் பனிக்கட்டியோடு வந்த பொதிகள். நான்காவதாக உறைநிலை டியூபும் ஒட்டுச்சீட்டும், பார்க்கச் சின்னது, கூட்டினால் பெரிது. பட்ஜெட்டில் கால் பங்கை மறுபடி செய்ய வேண்டிய சோதனைக்கென்று ஒதுக்கி வையுங்கள். புழுத் தொகுதி ஒன்றாவது வழியில் வீணாகும்.

நாட்கள் இப்படிப் போகும்: அனுமதிகளுக்கு ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில், வளர்ப்புச் சேகரிப்பு மையத்தின் அளவுகோல் ஸ்ட்ரெயினை வைத்து, அதற்குத் தேவையான அனுமதி மட்டும் வாங்கி, எல்லாச் சோதனைகளையும் பழகலாம். ஐசோலேட் வந்தபின் உறைய வைப்பதும் இனம் பார்ப்பதும் இரண்டு வாரம். தட்டுச் சோதனையும் மருந்துச் சோதனையும் மூன்று மறுசெய்கையோடு ஒரு மாதம். கிரிப்டோகாக்கஸ் மெதுவாக வளரும், மருந்துச் சோதனைக்கே 72 மணி வரை ஆகலாம் என்பதால் அதற்கு ஒன்றரை. புழு, முன்சோதனையோடு இரண்டு மாதம். டி.என்.ஏ. எடுத்து அனுப்பித் தரவு திரும்ப ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம், வரிசையில் காத்திருப்பதைப் பொறுத்து. தரவைப் படிக்க மூன்று மாதம் தாராளமாக விடுங்கள். மரபணு மாற்றம் சேர்ந்தால் இன்னும் ஆறு.

கட்டுரை எழுதத் தொடங்கும் அன்றே வரிசைத் தரவைப் பொதுத் தரவகத்தில் ஏற்றிவிடுங்கள். பதிவு எண் கிடைக்கச் சில நாள் ஆகும், வெளியீட்டுத் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைக்கவும் முடியும். ஒவ்வொரு ஐசோலேட்டுக்கும் பிரித்தெடுத்த உடற்பகுதி, ஆண்டு, நாடு, வளர்ப்பு எண்ணிக்கை இவற்றைச் சேருங்கள். நோயாளியின் வயது, சேர்க்கப்பட்ட தேதி, மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவை அந்த அட்டவணையில் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது; ஏற்றும் முன் இன்னொருவரை உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முக்கியமான ஐசோலேட்டுகளை ஒரு பொதுச் சேகரிப்பு மையத்தில் வைப்பதற்கான படிவத்தையும் அதே வாரம் நிரப்புங்கள். ‘தொடாதே’ பெட்டியில் இருக்கும் டியூபிலிருந்துதான் அதற்கு அனுப்ப வேண்டும்.